பலெர்மோவின் அடியில்: மம்மி பார்க்க எல்லாரும் போகிறார்கள், தண்ணீர்ச் சுரங்கங்களை யார் பார்ப்பது?

பல்லாரோ வாசி:

வணக்கம். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் பல வருடமாக இருக்கிறேன். சிசிலிக்கு வரப்போகிறோம் என்று யார் எழுதினாலும் கேள்வி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: கப்பூச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து மம்மிகளை எப்படிப் பார்ப்பது, படம் எடுக்க விடுவார்களா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா. கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த ஊருக்கு அடியில் இருப்பவற்றில் அது ஒரு மூலை மட்டும்தான், மீதியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிக் காணவில்லை, அதற்காகத்தான் இந்த இழை.

கிமு 8ஆம் நூற்றாண்டில் பினீசியர்கள் இந்த ஊரைத் தொடங்கியபோது இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டிருந்த ஒரு கல்மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே பப்பிரேத்தோ, தெற்கே கெமோனியா. இன்றைக்கு இரண்டு ஆறும் கண்ணில் படாது, தெருவுக்கு அடியில் போய்விட்டன. பத்தாம் நூற்றாண்டில் இங்கே வந்த இப்னு ஹவ்கல் என்ற அரபுப் பயணி, பப்பிரேத்தோ பக்கம் பாப்பிரஸ் புல் வளர்ந்ததையும், அதில் பெரும்பகுதியைக் கப்பல் கயிறு திரிக்கவும் கொஞ்சத்தை சுல்தானுக்குத் தாள் செய்யவும் எடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் அது தேங்கிக் காய்ச்சல் பரப்பும் சதுப்பாகிவிட, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடித்து மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பழைய சாமான் சந்தை இருக்கிறது.

அந்தக் கல்மேடு கல்கரெனைட் என்று சொல்லும் மஞ்சள் நிற மணற்சுண்ணாம்புக் கல். மெத்தென்று வெட்ட வரும், வெட்டிய பிறகும் நிற்கும். ஊர் முழுக்க அந்தக் கல்லில்தான் கட்டியிருக்கிறது, அதை எடுத்த பள்ளங்களும் குகைகளும் ஊருக்கு அடியிலேயே கிடக்கின்றன. கொர்சோ கலத்தாஃபிமி பக்கம் பினீசியர் காலத்துக் கல்லறை அறைகள், படி இறங்கிப் போகிற மாதிரிப் பாறையில் குடைந்தவை. போர்த்தா தோசுனாவில் 4-5ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களின் நிலத்தடி இடுகாடு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஒளிந்த பதுங்கறைகள், அதில் ஒன்று நகராட்சி மாளிகை நிற்கும் பியாத்சா பிரெத்தோரியாவுக்கு நேர் கீழே.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது கனாத்துகள். மலையடியிலிருந்து ஊர்ப்பக்கமாகத் தண்ணீர் கொண்டுவர, ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய அகலத்தில் கையால் வெட்டிய சுரங்க வாய்க்கால்கள். பாரசீகத்தில் பிறந்த முறை, 831க்குப் பிறகு அரபு ஆட்சியில் இங்கே வந்தது. இருப்பவை எல்லாமே அந்தக் காலத்தில் வெட்டியவை என்று சொல்ல மாட்டேன், 1072இல் நார்மன்கள் ஊரைப் பிடித்த பிறகும் இதே முறையில் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சிலவற்றில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே இறங்கி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடக்கலாம், பக்கச் சுவரில் கொத்திய தடம் அப்படியே தெரியும்.

இதைப் பார்க்காமல் மம்மியோடு திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனது கேட்பதில்லை. தெரிந்தவர்கள் கதையுங்கள், தெரியாதவர்கள் கேளுங்கள்.

மதுரைக்காரன்:

நல்ல இழை அண்ணே. எங்கள் ஊர்ப்பக்கம் கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம், அரண்மனையிலிருந்து மலைக்குச் சுரங்கம் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. ராஜா தப்பிப்போக, நகையை ஒளிக்க, குதிரையிலேயே போகலாம் என்றுகூடச் சொல்வார்கள், யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இந்தக் கனாத்தும் அப்படித் தப்பிக்கும் வழியாக இருந்திருக்குமா? இன்னொன்று, மண்ணுக்கடியில் அவ்வளவு தூரம் எப்படி நேராக வெட்டினார்கள்? திசை மாறிப்போனால் என்ன ஆவது?

நிலத்தடிநீர்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தொழிலே இதுதான்.

முதலில் பலெர்மோவுக்கு ஏன் இது பொருந்தியது என்று பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் கொங்கா தோரோ என்ற சமவெளி. மலையில் பெய்யும் மழையைப் பாறை பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், அது கீழே இறங்கி சமவெளியின் கல்கரெனைட்டுக்குள் வந்து சேரும். அதற்கும் கீழே தண்ணீர் இறங்காத களிமண் வகைப் படிவு இருப்பதால் நீர் அங்கேயே தங்கிவிடும். கோடையில் மாதக்கணக்கில் மழை இல்லாத ஊரில் தரைக்கு அடியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருக்கிறது, அதை மேலே கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

கிணறு வெட்டி இறைக்கலாம், ஆனால் இறைக்க மாடு வேண்டும், ஆள் வேண்டும், நாள் முழுக்க வேண்டும். கனாத்தில் இறைப்பே கிடையாது. மலையடியில் நீர்மட்டத்தைத் தொடுமளவுக்கு ஒரு தாய்க்கிணறு. அதன் அடியிலிருந்து மிக மெல்லிய சரிவில் ஒரு சுரங்கம். மேலே நிலம் சரிகிற வேகத்தைவிடச் சுரங்கம் மெதுவாகச் சரியும், அதனால் எங்கோ ஒரு இடத்தில் இரண்டும் சந்தித்துத் தண்ணீர் தானாக வெளியே வந்துவிடும். சூத்திரம் அவ்வளவுதான். கடினம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. கூடிப்போனால் வேகம் அதிகமாகித் தண்ணீர் தரையை அரிக்கும், குறைந்துபோனால் மண் தங்கி அடைத்துக்கொள்ளும்.

வெட்டுவது வெளிவாயிலிலிருந்து மலையை நோக்கி. ஏன் என்றால் நீர் ஊறத் தொடங்கும்போது அது வெட்டுகிறவனுக்குப் பின்பக்கமாக ஓடிப்போய்விடும். மேலிருந்து ஆரம்பித்தால் ஆள் மூழ்குவான். வழியெங்கும் இடைவெளி விட்டுச் செங்குத்தாகக் காற்றுக் கிணறுகள் இறக்குவார்கள். வெட்டிய கல்லை அதன் வழியாகத்தான் உருளை போட்டு மேலே தூக்குவது, மூச்சுக்குக் காற்று வருவதும் அதன் வழியாகத்தான். திசைக்கும் அதுவே உதவி. கிணற்றின் மேல்வாயில் இரண்டு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் கீழே இரண்டு நூலும் ஒரு கோட்டைக் காட்டும், பின்னால் திரும்பிப் பார்த்து அந்தக் கோட்டிலேயே வெட்டிக்கொண்டு போகலாம். நூலுக்குப் பதில் இரண்டு விளக்கை வைத்துப் பார்ப்பதும் உண்டு. மட்டம் பார்க்கத் தனிக் கருவிகள் இருந்தன, அல்-கராஜி என்ற கணித அறிஞர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மறைந்திருக்கும் நீரை வெளியே எடுப்பதற்கென்று ஒரு நூல் எழுதி, இந்த மட்டக் கருவிகளையெல்லாம் விவரித்திருக்கிறார்.

தப்பிக்கும் வழி என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு மதுரை. ஒடுங்கிய இடம், குளிர்ந்த தண்ணீர், குனிந்து நடக்கவேண்டிய கூரை. எவனாவது ஒளிந்திருக்கலாம், அதற்காக யாரும் இதை வெட்டவில்லை. வெட்டியது குடிக்கவும் பயிருக்கும்.

இருட்டறை:

எல்லாம் சரி, ஆனால் பலெர்மோ நிலத்தடி என்றால் பெயாத்தி பாவோலி இல்லாமல் பேச முடியுமா? கறுப்பு அங்கி போட்ட ரகசியச் சங்கம், பகலில் சாதாரண ஆட்கள், ராத்திரியில் காப்போ பகுதிக்கு அடியில் குகையில் கூடி, பிரபுக்கள் செய்த அநியாயத்துக்குத் தீர்ப்புச் சொல்வார்களாம். அந்தக் குகை இப்போதும் இருக்கிறது, சாந்தா மருத்சா கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. உட்காரக் கல் பெஞ்சுகூட வெட்டியிருக்கிறது என்று படித்தேன். ஏழைக்கு மேலே நீதி கிடைக்காதபோது கீழே போய்த் தேடினான் என்பது எவ்வளவு பெரிய விஷயம். தண்ணீர்க் குழாய் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதையும் பேசுங்கள்.

பல்லாரோ வாசி:

பேசலாம் தம்பி. அந்தக் குகை உண்மை. அது வேறு எதற்கோ முன்பே குடைந்த பழைய அறை. 18ஆம் நூற்றாண்டில் வில்லபியாங்கா பிரபு அந்த இடத்தையும் இந்தக் கதையையும் சேர்த்து எழுதி வைத்தார். அங்கிருந்து வளர்ந்து, 1909இல் இங்கத்தைய செய்தித்தாள் ஒன்றில் தொடர்கதையாக வந்த பிறகுதான் ஊரே நம்ப ஆரம்பித்தது. இப்படி ஒரு சங்கம் இருந்தது என்பதற்கு நீதிமன்ற ஏடு, தேவாலய ஏடு என்று கையில் பிடிக்கக்கூடிய சான்று கிடையாது.

எனக்கு இந்தக் கதையில் ஒட்டாமல் போனதற்குக் காரணம் வேறு. இருபதாம் நூற்றாண்டு மாஃபியாக்காரர்கள் இதைத் தங்கள் வம்சாவளி மாதிரிச் சொல்லிக்கொண்டார்கள். நாங்களும் அந்தப் பழைய நீதிமான்களின் வழிதான், ஏழையைக் காக்க வந்தவர்கள்தான் என்று. ஒருவருக்கு அந்தத் தொடர்கதையின் நாயகன் பெயரே பட்டப்பெயராக இருந்தது. கொலை செய்தவர்களுக்குக் கௌரவமான ஒரு தாத்தாவைக் கொடுத்த கதை அது. அதை ரசிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நிஜமாகவே பலெர்மோவின் நிலத்தடியில் அதிகாரம் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொங்கா தோரோ முழுக்க எலுமிச்சை, தோடைத் தோட்டம். அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள், நிலத்துக்கு அப்படி ஒரு விலை. எலுமிச்சைக்குக் கோடையில் தண்ணீர் விடாவிட்டால் அந்த வருடம் போச்சு. தண்ணீர் மழையில் வரவில்லை, கிணறும் கனாத்தும் ஊற்றும் தந்தது. அதை எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் திறந்துவிடுவது என்று முடிவு செய்கிற ஆள், தோட்டத்துக் காவல்காரன், இவர்கள் கையில்தான் முதலாளியின் குடுமி இருந்தது. மாஃபியா இந்தத் தோட்டங்களில்தான் வேர் விட்டது என்று வரலாற்றாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு ஆளின் கதை பதிவாகவே இருக்கிறது. காஸ்பரே கலாத்தி என்ற மருத்துவர், 1872இல் ஊரோரத்தில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தை நிர்வகிக்கப் பொறுப்பெடுத்தார். நீராவி எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த நவீனத் தோட்டம். காவல்காரன் திருடுகிறான் என்று அவனை நிறுத்தினார். புதிதாக வைத்த ஆளைச் சுட்டுக் கொன்றார்கள். மிரட்டல் கடிதம் மேல் கடிதம். 1875இல் குடும்பத்தோடு நாப்போலிக்கு (நேப்பிள்ஸ்) ஓடிப்போய், அங்கிருந்து உள்துறை அமைச்சருக்கு நடந்ததையெல்லாம் எழுதினார். அங்கி போட்ட நீதிமான் யாரும் அவருக்காக வரவில்லை.

இருட்டறை:

இதை இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இருந்தாலும் சனங்கள் ஏன் இப்படி ஒரு கதையை விரும்பினார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நீதி கிடைக்காத ஊரில்தானே இது முளைக்கும்? கதையைத் திருடியவன் கெட்டவன் என்பதால் கதையை நம்பியவனின் வலி பொய்யாகிவிடாது.

பல்லாரோ வாசி:

அதை மறுக்கவில்லை. வலி உண்மை. காப்போவில் நடந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

தேன்மொழி:

மம்மிகளை ஒதுக்கித் தள்ளியது எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான் போயிருக்கிறேன். 1599இல் துறவிகள் தங்களில் ஒருவரின் உடலை அங்கே வைத்ததில் ஆரம்பித்தது, அப்புறம் ஊர்ப் பணக்காரர்கள், வக்கீல்கள், பெண்கள், குழந்தைகள் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். உடலைச் சுட்ட மண்குழாய் அடுக்கின் மேல் கிடத்தி மாதக்கணக்கில் நீர் வடிய விடுவார்கள், பிறகு வினிகரால் கழுவி, உடுப்பு மாட்டிச் சுவரில் நிறுத்துவார்கள். அந்தக் கல்லின் வறட்சியும் காற்றும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது, ஆக இதுவும் உங்கள் மஞ்சள் கல்லின் கதைதான் அண்ணா.

செத்த பிறகும் வீட்டார் வந்து பார்த்து, துணி மாற்றி, கையைப் பிடித்துப் பிரார்த்தனை செய்தார்கள். அவர்களுக்கு அது காட்சிசாலை இல்லை, உறவு. அதைக் கேவலமாக நினைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனக்கு உறுத்தியது குழந்தைகள் இருக்கும் அறை. 1920இல் இரண்டு வயது நிறையும் முன் இறந்த ரொசாலியா லொம்பார்தோ, சலாஃபியா என்பவர் மருந்தேற்றிப் பதப்படுத்தியதால் தூங்குகிற மாதிரியே கிடக்கிறாள். சலாஃபியாவின் கைக்குறிப்பைத் தேடிக் கண்டுபிடித்து 2009இல் மருந்தின் கலவையை வெளியிட்டார்கள்: பார்மலின், ஆல்கஹால், கிளிசரின், சாலிசிலிக் அமிலம், துத்தநாக உப்புகள். அறிவியலாக அற்புதம். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் ஆட்கள் முட்டிமோதி, படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தும் கைப்பேசியை நீட்டுகிறார்களே, அது தாங்கவில்லை. சம்மதம் கொடுக்க வயதில்லாத பிள்ளை.

2022இல் ஒரு ஆய்வுக் குழு அங்கிருக்கும் 41 குழந்தைகளின் உடல்களை எக்ஸ்ரே எடுத்து, அவர்களுக்கு என்ன நோய், என்ன சாப்பாடு என்று கண்டுபிடிக்கத் தொடங்கியது. உடலை வெட்டாமல், முகத்தைப் படமாக வெளியே விடாமல் ஓவியம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த மரியாதை பார்க்க வருகிறவர்களுக்கும் இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

பல்லாரோ வாசி:

தங்கச்சி, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எனக்குக் கோபம் மடத்தின் மேல் இல்லை, அதை மட்டும் பார்த்துவிட்டுப் பயங்கரமான ஊர் என்று தலைப்பு வைத்து வீடியோ போடுகிறவர்கள் மேல்தான்.

சாந்தினி ப:

குகை என்று வந்த பிறகு இந்த ஊரின் காவல் புனிதை, எங்கட சாந்தா ரொசாலியாவை யாரும் சொல்லவில்லையே!

மொந்தே பெல்லெகிரீனோ மலை உச்சிக்குக் கிட்ட ஒரு குகைக்குள்தான் அவளின் கோயில். முன்பக்கம் சாதாரண தேவாலய முகப்பு, உள்ளே போனால் கூரை முழுக்கப் பாறை. பாறையிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும், சனத்தின் தலையில் விழாமல் பிடிக்க மேலே முழுக்கத் தகரப் பீலி வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை எல்லாரும் தீர்த்தமாகத் தொட்டுக்கொள்வார்கள். 1624இல் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது அவளின் எலும்புகள் இந்த மலையில் கிடைத்து, அடுத்த வருடம் ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் நின்றது என்பது இங்கத்தைய நம்பிக்கை. ஜூலை 14, 15 ஊருக்குள் பெருவிழா, செப்டம்பர் 4க்கு முதல் நாள் இரவு மலை ஏறுவது.

எண்பதுகளில் இருந்து இலங்கை யுத்தத்துக்கு ஓடி வந்த எங்கட சனம் இங்கே வீட்டு வேலை, கடை வேலை என்று தொடங்கினது. அப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமை இந்த மலைக்கு ஏறுகிறோம், சிலர் வெறுங்காலோடு. வேதக்காரரும் போவோம், சைவக்காரரும் போவார்கள். அம்மாவைப் பொறுத்தவரை மலை, குகை, ஊற்று, உள்ளே ஒரு அம்மன், வேறு விளக்கம் தேவையில்லை. நேர்த்தி வைத்து, விசா கிடைத்தால், பிள்ளை பிறந்தால், நகை போடுவார்கள். இத்தாலிக்காரருக்கு முதலில் வியப்பு, இப்போது நாங்கள் இல்லாமல் அந்தக் கோயில் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அதே மலையின் கடல்பக்கச் சரிவில் அதௌரா குகைகள் இருக்கின்றன. போர்க்காலத்தில் அங்கே வெடிமருந்து வைத்திருந்தார்கள், அது வெடித்ததில் சுவரின் மேற்படலம் உதிர்ந்து, அடியில் மனித உருவங்கள் கீறியிருந்தது தெரியவந்தது. பத்தாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. வட்டமாக நிற்கிற ஆட்களுக்கு நடுவில் இரண்டு பேர் உடம்பை வளைத்துக் கிடக்கிறார்கள், பலியா கூத்தா என்று இன்னும் வாதிடுகிறார்கள். கல் விழும் ஆபத்தால் 1997 முதல் உள்ளே விடுவதில்லை.

மதுரைக்காரன்:

சாந்தினி அக்கா எழுதியதைப் படித்ததும் அந்த மலைக்கு ஏறியே ஆகணும் என்று தோன்றிவிட்டது.

நிலத்தடிநீர் சார் சொன்ன முறை நம் நாட்டிலும் இருப்பதைத் தேடிப் பார்த்தேன். மத்தியப் பிரதேசம் புர்ஹான்பூரில் குண்டி பண்டாரா என்று 1615இல் முகலாயர் காலத்தில் வெட்டியது, வரிசையாகக் கிணறுகள், அடியில் ஒரே சுரங்கம், இப்போதும் தண்ணீர் இருக்கிறது. கர்நாடகத்தில் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்தது, மண் மூடிக் கிடந்ததைத் தூர்வாரி எடுத்திருக்கிறார்கள். காசர்கோடு பக்கம் செம்பாறை மலையில் வீட்டுக்கு வீடு சுரங்கம் குடைந்து தண்ணீர் எடுக்கிறார்கள், அதற்குப் பெயரே சுரங்கம்தான். நம் ஆட்கள் பொக்கிஷச் சுரங்கம் தேடுகிற நேரத்தில் இதைப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு கேள்வி. ஓடுகிற தண்ணீர் இருக்கிறதென்றால் பலெர்மோக்காரர்கள் அதைக் குடிக்கிறார்களா?

வலிகாமம்:

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எங்கள் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல்தான், ஆறு கிடையாது, எல்லாம் கிணறு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு, மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். துலா (ஏற்றம்) மிதித்த காலத்தில் மனிதன் களைத்ததும் கிணறு பிழைத்தது. பலெர்மோவிலும் 2024இல் வறட்சி வந்து பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீர் விட்டதாகச் செய்தியில் பார்த்தேன். காலுக்கடியில் கனாத் இருந்தும் ஏன்?

நிலத்தடிநீர்:

நீங்கள் சொன்ன துலாக் கணக்கு அப்படியே கனாத்துக்கும் பொருந்தும் வலிகாமம். கனாத்தால் நிலத்தடி நீரை வற்றடிக்க முடியாது. நீர்மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் வழியும், மட்டம் இறங்கினால் வரத்தும் தானாகக் குறையும். மோட்டருக்கு அந்த அடக்கம் இல்லை. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு மட்டத்தை இறக்கினால் கனாத்தின் தரை வறண்டு போகும், ஈரானிலேயே நிறைய கனாத்துகள் செத்தது இப்படித்தான். அங்கே தேர்ந்தெடுத்த 11 கனாத்துகளை 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பலெர்மோவில் இரண்டாவது சிக்கல் மாசு. சுரங்கம் தரைக்கு வெகு ஆழத்தில் இல்லை, மேலே வீடுகள் வந்துவிட்டன. நுண்துளை நிறைந்த கல், மேலே எது கசிந்தாலும் கீழே வரும். அதனால் குடிநீராக நேரடியாக எடுப்பது சரிவராது. மூன்றாவது, அளவு. அன்றைய ஊருக்கும் தோட்டத்துக்கும் கணக்குப் போட்டு வெட்டியது, இன்றைக்கு ஆறு லட்சம் பேர் இருக்கும் நகரத்துக்கு இது மட்டும் காணாது. தோட்டம், பூங்கா, தெரு கழுவுவது என்று எடுத்தால் நல்ல தண்ணீர் அந்த அளவுக்கு மிஞ்சும்.

பல்லாரோ வாசி:

மேலே வீடுகள் வந்துவிட்டன என்று நிலத்தடிநீர் ஒரு வரியில் முடித்துவிட்டார், அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நெஞ்செரிவதே அங்கேதான். போருக்குப் பிறகு ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை நடந்ததை இங்கே பலெர்மோவின் சூறையாடல் என்றே சொல்கிறார்கள். நகராட்சியில் லீமாவும் சான்சிமினோவும் இருந்த காலம், கட்டட அனுமதிகளை அள்ளி வீசினார்கள், எலுமிச்சைத் தோட்டங்களை வெட்டி வரிசை வரிசையாக மாடிக் கட்டடம் எழுப்பினார்கள், பின்னால் மாஃபியாப் பணம். தோட்டம் போனதை எல்லாரும் எழுதினார்கள். தோட்டத்துக்கு அடியில் இருந்த காற்றுக் கிணறுகளைக் கொங்கிறீட்டால் மூடியதை எழுதியவர்கள் குறைவு. எங்கே எது மூடியது என்று முழு வரைபடம் கிடையாது. குகை ஆய்வாளர்களும் புவியியலாளர்களும் எண்பதுகளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கி அளந்ததால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

மூடிய ஆறுகளும் சும்மா இருக்கவில்லை. 1931 பெப்ரவரியில் பெரும் வெள்ளம். 2020 ஜூலை 15, ரொசாலியா திருநாளன்றே, சில மணி நேர மழையில் வட்டச் சாலையின் சுரங்கப்பாதைகள் நிரம்பி, ஆட்கள் காரை விட்டு நீந்தி வெளியே வந்தார்கள். தண்ணீர் போன வழிகளை அடைத்துவிட்டு அதற்கு வேறு வழி சரியாகக் கொடுக்காத ஊர் இது. எந்தப் புதுக் கட்டடத்துக்கும் அஸ்திவாரம் போடுமுன் அடியில் கனாத் இருக்கிறதா, பழைய கல்லெடுத்த குகை இருக்கிறதா என்று பார்ப்பதைச் சட்டமாகவே கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. 2015இல் அரபு-நார்மன் கட்டடங்களுக்கு உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது. அந்த அரண்மனைகளையும் தோட்டங்களையும் வாழவைத்த தண்ணீர் வழிகளுக்கு அதில் பாதி அக்கறைகூடக் கிடைப்பதில்லை.

தேன்மொழி:

அண்ணா, அடுத்த முறை வந்தால் கனாத்துக்குள் போக என்ன செய்ய வேண்டும்? எனக்கு ஒடுங்கிய இடம் கொஞ்சம் பயம்.

பல்லாரோ வாசி:

தனியாகப் போக முடியாது, போகவும் கூடாது. குகை ஆய்வாளர்கள் வழிகாட்டியாக வருவார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். ஜெசுயித்திகோ ஆல்த்தோ என்று ஒரு கனாத் (அந்த நிலங்கள் 1767இல் வெளியேற்றப்படும்வரை யேசு சபைக் குருக்களிடம் இருந்தன), அதுதான் பெரும்பாலும் கூட்டிப்போவது. தலைக்கவசம், விளக்கு, நீர் புகாத உடுப்பு அவர்களே தருவார்கள், மாற்றுத் துணி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், எப்படியும் நனைவீர்கள். மழை பெய்தால் ரத்துச் செய்துவிடுவார்கள், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம், நீர்மட்டம் சட்டென்று ஏறும்.

ஒடுங்கிய இடம் பயமென்றால் வேறு வழி இருக்கிறது. வில்லா சவாஞ்ஞோனேயில் சிரோக்கோ அறை என்று ஒன்று, ஆபிரிக்காவிலிருந்து சுடுகாற்று அடிக்கும் நாட்களில் பிரபுக் குடும்பங்கள் போய் உட்காரப் பாறையில் வெட்டிய அகலமான இடம். மேலே வானம் தெரியும், பக்கத்தில் கனாத்துத் தண்ணீர் ஓடும், வெளியே நாற்பது பாகையைத் தாண்டும்போதும் உள்ளே குளிர்ச்சி. திறந்திருக்கும் நாட்களை முதலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் அங்கே போய்விட்டு, பின்னேரம் சாந்தினி சொன்ன மலைக்கு ஏறினால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். வருகிற திகதி தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், வழிகாட்டிகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.